எவ்வளவு எழுத வேண்டும்?

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பது பழமொழி. உணவுக்கும் உறக்கத்துக்கும் அளவு உண்டு என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எழுத்துக்கும் அப்படி ஓர் அளவு உண்டா? உண்டு என்றால் அதைக் கண்டுகொள்வது எப்படி? இதுவே இச்சிறு கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

தேர்வு அறையில் "கூடுதல் தாள் வேண்டும்" என்று எழுந்து நிற்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை. முதலில் தாள் வாங்கியவளை மற்றவர்கள் பொறாமையோடு திரும்பிப் பார்ப்போம். எழுத ஒன்றும் இல்லாதபோது எழுத்தைப் பெரிதாக்குவோம். வரிக்கு வரி இடம் விடுவோம். கட்டுரை என்றால் நீளம், நீளம் என்றால் மதிப்பெண் என்ற எண்ணம் என் மனத்திலும் வேரூன்றியிருந்தது. அதை அசைத்தது எங்கள் தெருக் குழாய்தான்.

சென்ற கோடையில் எங்கள் தெருவின் பொதுக் குழாய் பழுதாகிவிட்டது. அடுத்த தெருவுக்குச் சென்று தண்ணீர் சுமக்க வேண்டியதாயிற்று. எதிர் வீட்டு அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. அவரும் குடத்தோடு நடந்தார். "பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிறாளே, அவள் ஒரு மனு எழுதட்டும்" என்று தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து நான்கு பக்கம் எழுதினேன். வான்சிறப்பில் தொடங்கினேன். ஆறுகளின் பெருமை சொன்னேன். நீரின்றி நாகரிகம் இல்லை என்றேன். படித்துக் காட்டியபோது அம்மாவின் கண்கள் பனித்தன.

மறுநாள் அம்மாவோடு நானும் அலுவலகத்துக்குச் சென்றேன். அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, இதில் எந்தத் தெரு என்று எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். அது மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. நான் தேடிக் காட்டுவதற்குள் அடுத்தவர் மனுவை நீட்டிவிட்டார். என் நான்கு பக்கமும் மேசை ஓரத்துக் காகிதக் கட்டோடு சேர்ந்துவிட்டது. பத்து நாள் கழிந்தும் எவரும் வரவில்லை. அக்கா குடம் சுமந்துகொண்டே இருந்தார். என் எழுத்து அழகாக இருந்து என்ன பயன் என்று முதன்முதலாக வெட்கப்பட்டேன்.

மனுவின் நகலை எங்கள் தமிழாசிரியையான சிஸ்டரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "தண்ணீர் வராத தெருவுக்கு வான்சிறப்பு எதற்கம்மா?" என்று சிரித்தார். பிறகு, "குழாய் என்றைக்கு நின்றது? எத்தனை வீடு அந்தக் குழாயை நம்பி இருக்கிறது?" என்று கேட்டார். இரண்டுமே என் மனுவில் இல்லை! நான்கு பக்கம் எழுதியும் வேண்டியதை எழுதவில்லை.

அன்று சிஸ்டர் எனக்கு நன்னூலை நினைவூட்டினார். பவணந்தி முனிவர் ஒரு நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்து என்று வகுத்திருக்கிறார். முதல் குற்றம் குன்றக்கூறல். அதாவது வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல். இரண்டாவது மிகைபடக்கூறல், வேண்டாததைக் கூட்டிச் சொல்லுதல். கூறியது கூறல், எடுத்த பொருளை விட்டு மற்றொன்று விரித்தல், போகப் போகச் சுவை தேய்ந்து முடிதல் ஆகியவையும் அப்பட்டியலில் உண்டு. நாம் இவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். என் மனுவில் மட்டும் இந்த ஐந்தும் இருந்தன. குன்றக்கூறலும் மிகைபடக்கூறலும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைத்திருந்தேன். ஒரே தாளில் இரண்டும் சேர்ந்து குடியிருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இரண்டாம் மனு பன்னிரண்டே வரி. தெருவின் பெயர், குழாய் நின்ற நாள், வீடுகள் முப்பத்திரண்டு, கர்ப்பிணியும் முதியோரும் தொலைவிலிருந்து சுமக்கும் நிலை, எங்கள் வேண்டுகோள். இம்முறை அதிகாரி நின்றபடியே முழுவதும் படித்தார். ஓரத்தில் ஏதோ குறித்தார். மூன்றாம் நாள் குழாயைப் பழுதுபார்க்க ஆள் வந்தார். என் மனுவால்தான் வந்தார் என்று நான் பெருமை பேசமாட்டேன். ஆனால் மனு படிக்கப்பட்டது, அது போதும்.

அப்படியானால் சுருக்கமே சிறப்பு என்று முடிவு கட்டலாமா? நானும் அப்படித்தான் நினைத்து அடுத்த தவற்றைச் செய்தேன். கிராமத்தில் இருக்கும் என் ஆச்சிக்குக் காது கேட்காது. தொலைபேசியில் பேச இயலாது. ஆகவே மாதம் ஒருமுறை இன்லண்ட் கடிதம் எழுதுவேன். புதிதாகக் கற்ற சுருக்கத்தை அங்கும் காட்டினேன். "நலம். தேர்வு முடிந்தது. அனைவரும் சுகம்." அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பதில் வந்தது. "தாளில் முக்கால்வாசி வெறுமையாக இருக்கிறதே, உனக்கு உடம்புக்கு முடியவில்லையா? ஆச்சி மேல் கோபமா?" என்று நடுங்கும் எழுத்தில் கேட்டிருந்தார். படித்ததும் அழுகை வந்துவிட்டது. எங்கள் பூனை குட்டி போட்டதும், மழையில் மதில் சரிந்ததும், தங்கை பல் விழுந்து பேசுவதும் அதிகாரிக்கு வேண்டாதவை. ஆச்சிக்கோ அவைதாம் கடிதம். மனுவில் மிகையாவது மடலில் உயிராகிறது. அளவைத் தாள் முடிவு செய்வதில்லை. படிப்பவரின் தேவைதான் முடிவு செய்கிறது.

இதற்கு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் பெரும் போர் மூண்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழா அதே ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் நடந்தது. புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முழங்கினார். அவருக்குப் பின் எழுந்த குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் பேசியது சுமார் 270 சொற்களே. இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிந்துவிட்டது. போர் நடந்த விதத்தை எவரெட் விரித்துச் சொல்லிவிட்டதால் லிங்கன் அதை மீண்டும் கூறவில்லை. மாண்டவர்கள் எதற்காக மாண்டார்கள், உயிரோடு இருப்பவர்களின் கடமை என்ன என்பதை மட்டும் சொன்னார். தாம் இரண்டு மணி நேரத்தில் எட்டியதை லிங்கன் இரண்டு நிமிடத்தில் எட்டிவிட்டதாக எவரெட்டே மறுநாள் அவருக்குக் கடிதம் எழுதிப் பாராட்டினார். தோற்றதை ஒப்புக்கொண்ட அந்தப் பெருந்தன்மையும் நாம் கற்கத் தக்கதே.

நம் மொழியில் ஏழே சீர்களில் ஓர் அறத்தைச் சொல்லி முடிக்கிறார் வள்ளுவர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஒரு கதையைச் சொல்கிறார் கம்பர். ஒன்று சிறிது, மற்றொன்று பெரிது. இரண்டையும் தமிழுலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. பொருளுக்கு ஏற்ற அளவு அமைந்ததே அதற்குக் காரணம்.

தோழியரே, எழுதத் தொடங்குமுன் நான் இப்போது என்னையே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். யார் படிக்கப் போகிறார்? படித்தபின் அவர் என்ன செய்ய வேண்டும், அல்லது என்ன உணர வேண்டும்? அதற்கு அவர் அறியவேண்டியவை எவை? அவருக்கு எவ்வளவு நேரம் உண்டு? இவற்றுக்கு விடை எழுதினாலே பாதி அளவு தெரிந்துவிடும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியையும் கையால் மறைத்துவிட்டு மற்றதைப் படிக்கிறேன். குறை தெரியாவிட்டால் அப்பத்தி வேண்டாதது, அடித்துவிடுகிறேன். பிறகு தங்கையிடம் படித்துக் காட்டுகிறேன். அவள் "ஏன்?", "எப்போது?" என்று கேட்கும் இடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது, அதைச் சேர்க்கிறேன். நாம் ஆசைப்பட்டு எழுதிய வரியை அடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். என் வான்சிறப்பை அடித்தபோது எனக்கு மிகவும் வலித்தது. அக்காவின் இடுப்புக் குடத்தை நினைத்துக்கொண்டேன். கை தானாக அடித்தது.

தேர்வில் ஒரு பக்கம் கேட்டால் ஒரு பக்கம் எழுதுவோம். கேட்ட பொருளை விட்டு ஓடாமல் எழுதுவோம். கூடுதல் தாள் வாங்குவதில் தவறில்லை. அதில் எழுதக் கூடுதல் செய்தி இருக்கட்டும்.

இக்கட்டுரையையும் முதலில் ஒன்பது பக்கம் எழுதினேன் என்ற உண்மையை ஒப்புக்கொள்கிறேன். கையால் மறைத்து மறைத்துப் பார்த்து அடித்தது போக எஞ்சியதே இது. இதிலும் மிகை இருந்தால் சிஸ்டர் பொறுத்தருள்வார். குறை இருந்தால் நீங்கள் கேளுங்கள், சொல்கிறேன். ஆச்சிக்கு மட்டும் இனி இன்லண்டின் மடிப்போரம் வரை எழுதுவேன்.