யோசேப்பின் களஞ்சியமும் எங்கள் விதைநெல்லும்



எகிப்திலே யோசேப்பு களஞ்சியங்கள் கட்டிய வரலாறு ஞானோபதேச வகுப்பிலேயே நாம் படித்ததுதான். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்துவைத்து, பஞ்சம் வந்த ஏழு ஆண்டுகளிலும் மக்களைப் பட்டினியிலிருந்து காத்தார். வருமுன் காக்கும் அரசுக்கு இது நல்ல உதாரணம். ஆனால் ஆதியாகமம் 41-ம் அதிகாரத்தோடு நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். 47-ம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். அதே களஞ்சியத்துத் தானியத்துக்காக மக்கள் முதலிற் பணத்தைக் கொடுத்தார்கள். பின்னர் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். ஈற்றில் வயல்களையும் தங்களையுமே பாரவோனுக்குக் கையளித்தார்கள். உயிர் தப்பியது, காணி போயிற்று. (குருக்களின் நிலம் மாத்திரம் விற்கப்படவில்லை என்றும் அங்கே எழுதியிருக்கிறது. இதைப் பிரசங்கத்திற் கேட்பது அரிது!)

அரசாங்க உதவியைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இங்கேயே இருக்கின்றன. உதவி எப்போது வருகிறது? அதைப் பெறுவதற்குக் கமக்காரன் எதை இழக்கிறான்?

மன்னாரிலும் வன்னியிலும் இரண்டு மூன்று ஏக்கர் செய்யும் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். காலபோகத்துக்கு உழவுக்கூலி, விதைநெல், பசளை, மருந்து எல்லாமே முற்பணம். பெரும்பாலும் மனைவியின் நகைதான் அடகுக்குப் போகிறது. அதன்பின் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். 2016-ல் மழை பொய்த்து அடுத்த ஆண்டும் வரட்சி நீடித்தது. 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் வந்தது. 2024 நவம்பரில் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. உலகத்தைச் சூடாக்கும் புகையைக் கக்கியதில் இந்தக் குடும்பங்களின் பங்கு அற்பத்திலும் அற்பம். தண்டம் மட்டும் இவர்களுக்கு!

வானம் மாத்திரமா ஏமாற்றியது? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. அப்போகத்தின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை நல்லதுதான். ஆனால் மண்ணைப் பழக்க ஆண்டுகள் வேண்டும் என்பதை வயலில் இறங்கிய எவரும் சொல்லியிருப்பார்.

பாப்பரசர் 23-ம் அருளப்பர் வயலை அறிந்தவர். வட இத்தாலியில் ஏழைக் கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர். 1961-ல் அவர் வெளியிட்ட ‘மாத்தர் எத் மஜிஸ்திரா’ என்னும் சுற்றுமடலில் கமத்தொழிலுக்கு நீண்டதொரு பகுதியை ஒதுக்கினார். கமத்தின் வருமானம் மெதுவாக வருவது, ஆபத்து மிக்கது. ஆதலால் வரி விதிப்பவர்கள் அதை எண்ணிப் பார்க்கவேண்டும் என்றார். குறைந்த வட்டிக் கடன் வேண்டும் என்றார். காப்புறுதி இரண்டு வேண்டும் என்றார்: விளைபொருளுக்கு ஒன்று, கமக்காரனுக்கும் குடும்பத்துக்கும் ஒன்று. உணவு எல்லோருக்கும் மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பதைச் சாட்டாக வைத்து, அதை விளைவிப்பவர்களை நிரந்தரமாகத் தாழ்நிலையில் வைத்திருக்க முடியாது என்பதும் அவருடைய போதனை. அரிசி விலை ஏறினால் முணுமுணுக்கும் பட்டினத்தார் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ், சிறு உற்பத்தியாளருக்குத் துணைநிற்பது அரசாங்கத்தின் உரிமை மாத்திரமல்ல, கடமையும் என்று எழுதினார்.

இது பிச்சையல்ல, நீதி. இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கமங்களே உலக உணவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை விளைவிக்கின்றன. 2024-ல் பசியோடிருந்தோர் ஏறக்குறைய 67 கோடிப் பேர் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் கணக்கிட்டன. சிறு கமக்காரன் வயலை விட்டு எழும்பினால் இத்தொகை குறையப்போவதில்லை.

எங்கள் நாட்டிற் சட்டங்கள் இல்லாமலில்லை. குத்தகைக் கமக்காரனைக் காக்க 1958-ல் நெற்காணிச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே பயிர்க் காப்புறுதியும் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1971-ல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. 1987-ல் கமக்காரர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. குறை நேரத்தில்தான். பசளை பயிர் பச்சையாக இருக்கும்போது வரவேண்டும். கொள்வனவு, ஈரநெல்லை வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட முன்னர் தொடங்கவேண்டும். நட்டஈடு அடுத்த விதைப்புக்கு முன்னர் கைக்கு வரவேண்டும். பிந்தினால், யோசேப்பின் காலத்தைப்போல், மாடும் காணியும் போன பின்தான் தானியம் வரும்.

நம்மால் ஆவதும் உண்டு. குத்தகைக்குச் செய்பவருடைய பெயர் கமநல சேவை நிலையத்தின் பதிவில் இல்லாவிட்டால், மானியமும் நட்டஈடும் அவரைத் தேடி வருவது கடினம். தகப்பனின் பெயரில் இருக்கும் வயலைச் செய்யும் விதவை மகளுக்கும் இதே கதிதான். போகத்துக்கு முன் குளத்தடியில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறும்; உத்தியோகத்தர்களும் வருவார்கள். பங்கிலுள்ள படித்த பிள்ளைகள் இப்படிப்பட்டவர்களோடு கூடப் போகட்டும். படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று அங்கேயே கேட்டுப் பார்க்கட்டும்.