முறைநீர்

நுழையும்முன்

செய்யும் தொழில், பேணவேண்டிய குடும்பம், மெய்யென்று கொண்ட நெறி ஆகிய மூன்றும் ஒரே வேளையில் ஒருவரை அழைக்குமானால் அவர் எதற்குச் செவிசாய்ப்பது? புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் வாழ்நாளில் பலமுறை இக்கேள்வியின் முன் நின்றவர். ஒவ்வொரு முறையும் அவர் எதைக் கையிலெடுத்தார், எதைக் கீழே வைத்தார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த சில நாள்களிலேயே மாணவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: “உன் குறிக்கோள் என்ன?” மருத்துவர், ஆட்சியர், பொறியாளர் என ஒற்றைச் சொல்லில் விடை வந்துவிடும். அந்த ஒற்றைச்சொல்லுக்கு அப்பால் வாழ்வு எத்தனை கிளைகளாகப் பிரியும் என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. முத்துலட்சுமியின் குறிக்கோளும் ஒற்றைச்சொல்லில்தான் தொடங்கியது: கல்வி.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அம்மணத்திற்காகத் தந்தையின் உறவினர் அவரை ஒதுக்கிவைத்தனர். மகளின் பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள இக்குடும்பப் பின்னணி இன்றியமையாதது. பொதுவாழ்வில் அவர் எதிர்த்துப் போராடிய வழக்கம் தாம் பிறந்த வீட்டின் தாழ்வாரம்வரை வந்து நின்ற ஒன்று.

பள்ளி இறுதித் தேர்வில் வென்ற முத்துலட்சுமி, ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் வேண்டினார். எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இசைவளித்தார். திரையின் மறைவில் அமர்ந்து அவர் பாடம் கேட்டார் என்பது இன்றும் எங்கள் ஊரில் சொல்லப்படும் செய்தி. அங்கிருந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

திருமணம் தம் பணிக்குத் தடையாகும் என்றெண்ணி, அதை அவர் விரும்பாதிருந்தார். மருத்துவர் சுந்தர ரெட்டி அவரை மணக்க விழைந்தபோது நிபந்தனை ஒன்றை முன்வைத்தார்: தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது. சுந்தர ரெட்டி அதனை ஏற்க, 1914இல் மணம் நடந்தது. மணமகளின் விருப்பத்தைக் கேட்கும் வழக்கமே அரிதாயிருந்த நாளில் மணமகளே நிபந்தனை விதித்தார் என்பது பெரிதாகப் பேசப்படுகிறது. எனக்கோ அந்நிபந்தனையின் இயல்புதான் வியப்பளிக்கிறது. நகையோ நிலமோ அவர் கேட்கவில்லை. எதிர்காலத்தில் எந்தப் பணி தம்மை அழைக்கும் என்பதையும் அவர் அப்போது அறியார். அறியாத அப்பணிக்கான இடத்தை முன்கூட்டியே உறவுக்குள் ஒதுக்கிவைத்தார்.

மடையும் முறையும்

வாழ்வின் சமநிலை என்றதும் நம் கண்முன் தோன்றுவது தராசு. இரு தட்டுகளும் எந்நேரமும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நிற்காதபோது மனம் வருந்துகிறோம். வற்றாத பேராறு எதுவும் ஊடே ஓடாத புதுக்கோட்டை மண்ணில் வேறோர் உவமை கிடைக்கிறது. இங்கு உழவு, ஏரியையும் கண்மாயையும் நம்பியது. நீர் நிறைந்திருக்கையில் எல்லா மடைகளும் திறந்திருக்கும். நீர் குறையும்போது முறைவைத்துப் பாய்ச்சுவர். ஒரு வயலுக்குத் திறக்கையில் மற்றொரு வயலின் மடையை அடைப்பர். அடைபட்ட வயல் கைவிடப்பட்டதன்று. அதன் முறை வரும்வரை காத்திருக்கும். ஆயின், எந்தப் பயிர் எத்தனை நாள் தாங்கும் என்பதை நீர் பாய்ச்சுபவர் அறிந்திருக்கவேண்டும். தவறினால் பயிர் கருகிவிடும். முத்துலட்சுமியின் வாழ்வுக்குத் தராசைவிட இம்முறைநீரே பொருந்துகிறது.

மகப்பேறு மருத்துவராக அவர் சென்னையில் நற்பெயர் ஈட்டியிருந்த காலத்தில், அவருடைய தங்கை இளவயதிலேயே புற்றுநோயால் மாண்டார். உடன்பிறந்தவளின் நோயைத் தீர்க்க மருத்துவரான தமக்கையாலும் இயலவில்லை. நோயைக் கண்டறியவும் குணப்படுத்தவும் உரிய மருத்துவமனை தென்னகத்தில் இல்லாத காலம் அது. அப்படியொன்றை அமைக்கவேண்டும் என்னும் எண்ணம் அத்துயரில் பிறந்தது. 1925இல் மகளிர், குழந்தைகள் நோய்கள் குறித்த உயர்பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, புற்றுநோய் மருத்துவத்தையும் அவர் கற்றார். வருவாய் தந்த மருத்துவத் தொழிலை அதற்காக இடைநிறுத்தவேண்டியிருந்தது. மகன்கள் இருவரும் அப்போது சிறுவர்.

தாயகம் திரும்பியபின் அவர் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியிருப்பார் என்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. இந்திய மாதர் சங்கத்தார் அவரைச் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு அழைத்தனர். மருத்துவப் பணி கெடுமே என்று அவர் தயங்கினார். எனினும் ஏற்று, 1927இல் அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயுற்றவரைத் தனித்தனியே காப்பதைவிட, நோய்க்கும் இழிவுக்கும் காரணமான வழக்கங்களைச் சட்டத்தால் நீக்கும் வாய்ப்பு அப்போது கைக்கெட்டியிருந்தது. தங்கையின் நினைவால் எழுந்த எண்ணத்தின் மடை அடைபட்டது. தாயின் மரபைப் பற்றிய கேள்விக்கு மடை திறந்தது.

கோவில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சி எளிதில் நிறைவேறவில்லை. மரபைக் காப்பதாகக் கூறியோர் எதிர்த்தனர். தேவதாசியருள்ளும் ஒரு சாரார் சங்கம் கூடி மறுப்புத் தெரிவித்தனர். தம் கலையும் உரிமையும் பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று என்பதை இன்று நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கோவில் பணியிலிருந்து அப்பெண்களை விடுவித்தது. பணிக்கு ஈடாக அனுபவித்த மானிய நிலங்கள் அவர்களிடமே நிலைக்கவும் வகைசெய்தது. பொட்டுக்கட்டுதலை அறவே தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

வாயிலில் நின்றவர்கள்

1930இல் காந்தியடிகள் கைதுசெய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி மேலவைப் பதவியைத் துறந்தார். பதவியில் நீடித்திருந்தால் இன்னும் பல சட்டங்களைக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பணியும் நெறியும் இங்கே நேர்க்குநேர் மோதின. அவர் நெறியின் பக்கம் நின்றார். அதனால் சில பணிகள் பின்தங்கியிருக்கவும் கூடும்.

அதே ஆண்டில், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிய இளம்பெண்கள் சிலர் அவருடைய வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர்களுடைய பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் இடம் மறுத்திருந்தன. சட்டம் பேசியவர் வீட்டுக்கதவைத் திறக்கிறாரா என்பதே அப்போது எழுந்த வினா. அவர் திறந்தார். அவ்வாறு தொடங்கியதே ஒளவை இல்லம். தம் குடும்பம் வாழும் வீட்டிற்குள் பிறர் பிள்ளைகளை ஏற்பதற்கு வீட்டிலுள்ள அனைவரின் ஒப்புதலும் வேண்டும். 1914இல் அவர் விதித்த நிபந்தனையின் பயன் இங்கே விளங்குகிறது. கணவரின் துணையின்றி இவற்றுள் பல நடந்திரா. அத்தகைய துணையோ, மருத்துவர் என்னும் தகுதியோ அக்காலப் பெண்கள் எல்லார்க்கும் வாய்க்கவில்லை, இன்றும் வாய்க்கவில்லை.

தங்கையின் நினைவுக்குரிய முறை மெல்லவே வந்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனையின் தேவையை அவர் எடுத்துரைத்தார். ஆண்டுகள் சென்றன. 1952இல் சென்னை அடையாற்றில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. முத்துலட்சுமிக்கு அப்போது அகவை 67. அவர் இலண்டன் சென்று வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அங்கு அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றவர் அவருடைய இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி. தாய் இலண்டனில் பயின்றபோது சிறுவனாயிருந்தவர் அவர்.

1955இல் அந்நிலையத்தில் இளம் மருத்துவராகச் சேர்ந்தவர் வி. சாந்தா. அரசு மருத்துவமனைப் பணிவாய்ப்பை விடுத்து அவர் அங்கு வந்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை, மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தார். முத்துலட்சுமி பல வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சினார். சாந்தா தம் நீர் முழுவதையும் ஒரே வயலுக்குத் திறந்துவிட்டார். 1968இல் முத்துலட்சுமி மறைந்தபின்னும், 2021இல் தம் இறுதிவரையிலும் சாந்தா அவ்வளாகத்தைவிட்டு அகலவில்லை.