விலை உயர்ந்த சுருட்டு: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

சில ரூபாய்க்கு விற்கும் சுருட்டும் உண்டு. பெருநகரக் கடைகளில் ஒன்றே ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் கியூபா நாட்டுச் சுருட்டும் உண்டு. இரண்டும் புகையிலைதான். இதைக் கேட்கும் குடவாசல் வட்டத்து நெல் விவசாயிக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. அந்த விலைக்கு அந்தச் சுருட்டு தகுமா? அந்த விலையைத் தருவது நிலமா, பக்குவமா, பெயரா?

சுருட்டு நமக்குப் புதிதன்று. காவிரிக் கரையில் உள்ள திருச்சி உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து போன சரக்கு. 1887-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் ஒரு துப்பாக வருகிறது. சுருட்டுப் புகையிலையின் ஆராய்ச்சிக்கென 1948-இல் வேடசந்தூரில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

மூன்று வகை இலை

சுருட்டில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் உள்ளிலை, அதைச் சேர்த்துப் பிடிக்கக் கட்டு இலை, வெளியே மேலுறை இலை. உள்ளிலைக்கு மணமும் காரமும் இருந்தால் போதும். மேலுறை இலையோ மெல்லியதாக, ஓட்டையின்றி, ஒரே நிறமாக, நரம்பு தடிக்காமல் இருக்க வேண்டும். அதனால்தான் அதற்கு விலை அதிகம். கியூபாவில் மேலுறைக்கான பயிரை மெல்லிய துணிப் பந்தலின் கீழ் வளர்த்து, இலைகளைக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாகப் பறிக்கிறார்கள். நம் நாட்டில் மேலுறை இலைக்குப் பெயர் பெற்றது வடக்கு வங்காளத்தின் தின்ஹாட்டா பகுதி.

வயலில் வரும் தரம்

பூங்கொத்து தோன்றும்போது நுனியைக் கிள்ளி, பக்கத் தளிர்களை அவ்வப்போது ஒடித்துவிட்டால்தான் சத்து இலைக்குப் போகும். உரத்திலும் கவனம் தேவை. சாம்பல் சத்துப் போதுமான அளவு கிடைத்த இலை சீராக எரியும். குளோரைடு மிகுந்தால் இலை அணைந்து அணைந்து எரியும். ஆகவே நெல்லுக்கு இடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் புகையிலைக்கு ஏற்றதன்று. சல்பேட் ஆஃப் பொட்டாஷ்தான் ஏற்றது.

பாடத்தில் ஏறும் விலை

பச்சை இலைக்கு மணமில்லை. அறுவடையான இலையைக் காற்றோட்டமான கொட்டகையில் பல வாரங்கள் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பிறகு அம்பாரம் போடுகிறார்கள். உள்ளே சூடு ஏறும். சூடு மிகாமல் அம்பாரத்தைப் பிரித்து, மேலிருப்பதைக் கீழாக மாற்றி அடுக்க வேண்டும். கசப்பும் நெடியும் குறைந்து மணம் வருவது இந்தப் பக்குவத்தில்தான். உயர்ந்த ரக இலை அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடக்கிறது. அந்தக் காலம் முழுவதும் முதல் முடங்கிக் கிடக்கிறது. இறுதியில், தேர்ந்த கைகள் ஒவ்வொன்றாகச் சுருட்டுகின்றன. இவ்வளவு உழைப்புக்கும் காத்திருப்புக்கும் கூடுதல் விலை கேட்பது நியாயமே.

பெயருக்குப் போகும் பணம்

ஆனால் விலை அங்கே நிற்பதில்லை. சுங்கமும் வரியும், அழகிய மரப்பெட்டியும், கடைக்காரர் இலாபமும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயரும் சேர்கின்றன. 2022-இல் கியூபாவின் புகழ் பெற்ற கொஹீபா சுருட்டின் விலையை உலகெங்கும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, சில நாடுகளில் அது இரு மடங்கையும் தாண்டியது. வயலும் இலையும் பக்குவமும் மாறவில்லை. விலைச் சீட்டு மட்டும் மாறியது. நடுத்தர விலை வரை காசு பெரும்பாலும் பொருளுக்குப் போகிறது; அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயிலும் பெயரின் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

உடலுக்கு வேறுபாடு இல்லை

விலை உயர்ந்தது கெடுதல் குறைந்தது என்று எண்ணுவது தவறு. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலை இருக்கக்கூடும். புகையை உள்ளுக்கு இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் தோல் வழியே உடலில் ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சுருட்டுப் பிடிப்போருக்கும் வருகின்றன. மணம் தரும் அதே அம்பாரப் பக்குவத்தில் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் உருவாகின்றன. ஆகவே உடல்நலக் கணக்கில் மலிவான சுருட்டும் தகாது, விலை உயர்ந்த சுருட்டும் தகாது. நாளொன்றுக்கு 20 ரூபாய் சுருட்டுக்குப் போனால் ஆண்டுக்கு 7,300 ரூபாய். சிறு விவசாயிக்கு அது விதைக்கும் உரத்துக்கும் ஆகும் பணம்.

நெல் விவசாயிக்கு எது பயன்?

விலையைக் கேட்டுப் புகையிலை பயிரிட நினைப்பதும் கூடாது. அதற்கு நீர் தேங்காத மணற்பாங்கான நிலம் வேண்டும். வேதாரண்யம் பக்கத்து மணலில் வருவது குடவாசலின் களிமண் வயலில் வராது; தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். வேதாரண்யத்து இலையும் பெரும்பாலும் மெல்லுவதற்கே போகிறது. மேலும், ஈர இலையைக் கையாளும் கூலியாட்களுக்கு நிக்கோட்டின் தோல் வழியே ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு.

எடுத்துக்கொள்ள வேண்டியது பக்குவத்தின் பாடம். நெல்லிலும் அறுவடைக்குப் பின் கூடும் விலை உண்டு. புது அரிசி குழையும். சில மாதம் இருப்பு வைத்த நெல்லின் அரிசி உதிரியாக வேகும், சோறு கூடுதலாகக் காணும். அதனால் பழைய அரிசிக்கு விலை அதிகம். களத்தில் ஈரத்தோடு விற்கும் விவசாயி அந்தக் கூடுதல் விலையை வியாபாரிக்கு விட்டுக்கொடுக்கிறார்.

சீரகச் சம்பா போன்ற ரகம் பயிரிடுவோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

1. அறுவடைக்கு முன்பே வயலில் கலப்புப் பயிர்களைப் பிடுங்கி எறிய வேண்டும்.

2. இருப்பு வைக்கும் நெல்லை 12 முதல் 13 சதம் ஈரப்பதம் வரை காயவைக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தின் வழக்கமான வரம்பான 17 சதம், விற்பதற்குப் போதும். நீண்ட நாள் இருப்புக்குப் போதாது.

3. பதரையும் தூசியையும் தூற்றி நீக்கி, மூட்டைகளைத் தரையில் படாமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்க வேண்டும்.

4. முழு மகசூலையும் நிறுத்திவைக்காமல், கடனும் கூலியும் தீரும் அளவுக்கு விற்றுவிட்டு மீதியை மட்டும் இருப்பு வைக்கலாம். பூச்சி விழுந்தாலோ விலை இறங்கினாலோ நட்டம் பெரிதாகாது.

பெயருக்குத் தரும் காசு புகையோடு போகும். பக்குவத்துக்குச் செலவிடும் காசும் நாளும் நெல் விவசாயியின் வீட்டுக்கே திரும்பி வரும்.