படிவத்தில் ஒரு கையொப்பம்

பதினைந்து வயதில் அடையாள அட்டைக்குப் பதிவு செய்யும் உங்களுக்கு, குடியுரிமை என்பது பிறப்போடு வருவதாகத் தோன்றலாம். 1950களில் சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழர் பலருக்கு அது அப்படி வரவில்லை. அவர்கள் அதை வேண்டுமென்று கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

துறைமுகத்திலும் நகரசபையிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்தவர்களுள் பலர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ரஜூலா போன்ற கப்பல்களில் வந்தவர்கள். சம்பாதித்ததும் திரும்பிவிடலாம் என்பதே அவர்கள் எண்ணம். ஆண்டுகள் கடந்தன, அந்த எண்ணம் மட்டும் மாறவில்லை.

1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. இங்குப் பிறந்தோர் குடிமக்கள் ஆனார்கள். வெளியே பிறந்து இங்குப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் விசுவாச உறுதிமொழி எடுத்துக் குடிமக்கள் ஆகலாம். வாழ்ந்த காலத்தைக் கேட்ட அச்சட்டம் இனத்தைக் கேட்கவில்லை. சீனாவில் பிறந்த சுமார் 220,000 பேருக்கு உரிமை வேண்டும் எனச் சீன வர்த்தகச் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்ததும் இச்சட்டத்திற்கு ஒரு முக்கியக் காரணம். நம் சமூகத்தார் இதை அதிகம் பேசுவதில்லை. ஆனால், அந்தக் குரலின் பயன் தமிழர்களுக்கும் கிடைத்தது.

தமிழ் முரசு நாளிதழை நிறுவிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, குடியுரிமைக்குப் பதிவு செய்யுமாறு தமிழர்களைத் தொடர்ந்து தூண்டினார். தூண்ட வேண்டிய நிலைதான் இருந்தது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே கையொப்பமிட்டால், மனைவி மக்கள் வாழும் நாட்டின் குடியுரிமையை இழக்க நேரும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பலர் தள்ளிப்போட்டதை இன்று குறை கூறுவது எளிது. அந்தப் படிவத்தைக் கையில் வாங்கியவருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

இதற்கிடையே எல்லைகளும் மாறின. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. 1967 முதல் கடற்பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. ஜோகூர் பாருவில் அண்ணனும் இங்கே தம்பியுமாக வாழ்ந்த குடும்பங்கள் இரு நாட்டுக் குடும்பங்களாயின.

1968இல், தன் படைகளை 1971க்குள் மீட்டுக்கொள்ளப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. தளத்தில் வேலை இழந்தவர்களுள் குடிமக்களாக இருந்தோர் வேறு வேலை தேடினார்கள். மற்றவர்களுக்கு வேலை அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. அது கிடைக்காத பலர், இளமை முழுவதையும் கழித்த இத்தீவை விட்டுக் கப்பலேறினார்கள்.