ககுத்மியும் கடிகாரமும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்தேன். ககுத்மி கதையைச் சொல்லிவிட்டு, ‘ஐன்ஸ்டைன் சொன்னது நம் ரிஷிகளுக்கு அப்போதே தெரியும்’ என்று முடித்திருக்கிறார்கள். கதை அருமை, முடிவுதான் இடிக்கிறது.

பாகவதத்தில் வருவது இது. மகள் ரேவதிக்கு வரன் கேட்க, அவளையும் கூட்டிக்கொண்டு பிரம்மலோகம் போகிறார் ககுத்மி ராஜா. அங்கே கந்தர்வர்களின் கச்சேரி. முடியட்டும் என்று சற்றே காத்திருந்துவிட்டு, மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார். பிரம்மா சிரிக்கிறார். பூமியில் 27 சதுர்யுகம் ஓடிவிட்டதாம்! மாப்பிள்ளைகள் இருக்கட்டும், அவர்களுடைய கோத்திரத்தின் பெயர்கூட இப்போது யார் காதிலும் விழுவதில்லை. ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டு. பெருக்கிப் பார், 11 கோடியைத் தாண்டும். ரேவதி கடைசியில் பலராமனுக்கு வாழ்க்கைப்படுகிறாள்.

இயற்பியலில் கணக்கு தலைகீழ். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ விநாடி முந்தும். ஆக, மேலே போன கடிகாரம் 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. ககுத்மிக்கோ மேலே நேரம் மெதுவாகப் போயிற்று. அதற்கு அவர் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்திருக்க வேண்டும், இல்லையேல் கருந்துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் இது மனம் நேரத்தை உணரும் கணக்கா? அதுவும் வேறு. நரம்பியல் விஞ்ஞானி டேவிட் ஈகிள்மேன் ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழவைத்துப் பார்த்தார். மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்தது மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்றே அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் மணிக்கட்டில் கட்டிய கருவியில் படபடவென மாறிய எண்களை அவர்களால் படிக்க முடியவில்லை; நேரம் மெய்யாகவே மெதுவாகியிருந்தால் முடிந்திருக்கும். நீண்டது நேரமல்ல, அதன் நினைவுதான் என்றார் அவர்.

கதை குறிவைப்பது கடிகாரத்தை அல்ல, ககுத்மியின் கையிலிருந்த மாப்பிள்ளைப் பட்டியலை என்பது என் எண்ணம். அதற்கு ஐன்ஸ்டைனின் சிபாரிசு எதற்கு?

முன்னோரின் கணக்கை மெச்ச ஆசையென்றால், திருக்கடையூரில் நடந்த தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தை எடுத்துக்கொள். குரு 12 ஆண்டில் ஒரு சுற்று, சனி 30 ஆண்டில் ஒரு சுற்று. அறுபதில் இரண்டும் அவர் பிறந்தபோது இருந்த இடத்துக்கு வந்துசேரும். அவர் ஜாதகத்தையும் அந்த வருஷப் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். கொஞ்சம் தள்ளியிருந்தால் பதறாதே. குருவின் சுற்று சரியாகச் சொன்னால் 11.86 ஆண்டு, சனியினுடையது 29.46.

அன்புடன்,
பெரியப்பா