புதுவையிலிருந்து பெங்களூருக்கு: தூரமும் நேரமும்

'பெங்களூர் எவ்வளவு தூரம்?' என்று ஒருவர் வினவின், 'ஆகாய விமானத்தில் ஒன்றேகால் மணி' என்று விடை பகர்வது இக்காலத்து வழக்கமாயிற்று. தூரத்தை வினவினார்க்கு நேரத்தைக் கூறுகின்றோம். இவ்விரண்டும் வேறு வேறு என்பதையும், அவ்வேறுபாடு சிற்சில வேளைகளில் எத்துணை இன்றியமையாததாகும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் தூரத்தைக் காண்பாம். புதுவை விமான நிலையம் இலாசுப்பேட்டையில் உள்ளது. பெங்களூர் விமான நிலையமோ 2008இல் தேவனஹள்ளியில் திறக்கப்பெற்றது. தேவனஹள்ளி, இலாசுப்பேட்டைக்கு வடக்கே 1.23 பாகையும் மேற்கே 2.10 பாகையும் தள்ளி நிற்கின்றது. தெற்கு வடக்காக ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்கான பாகை, பூமத்திய ரேகையினின்று விலக விலகச் சுருங்குமாதலின், நம் பகுதியில் 108.5 கிலோமீட்டரே. ஆகவே 137, 228 என்னும் இரு பக்கங்களையுடைய செங்கோண முக்கோணம் கிடைக்கின்றது. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலங் காணின் 266 கிலோமீட்டர் ஆம். தூரம் சிறிதாதலின் பூமியின் வளைவு இக்கணக்கைப் பெரிதும் பிழைபடுத்தாது. தரைவழியோ திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஒசூர் என வளைந்து சென்று 300 கிலோமீட்டருக்கு மேற்படும்.

இனி நேரத்தை நோக்குவாம். 2024 டிசம்பர் 20இல் இண்டிகோ நிறுவனத்தார் இவ்விரு நகரங்களுக்கிடையே ஏ.டி.ஆர். வகை விமானத்தைச் செலுத்தத் தொடங்கினர். புதுவையின் ஓடுபாதை ஏறத்தாழ 1500 மீட்டரே ஆதலின், குறுகிய பாதையிலும் ஏறி இறங்கவல்ல இவ்வகையே அதற்கு ஏற்றது. உயரே நிலைத்துப் பறக்குங்கால் அது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்லும். அக்கணக்கின்படி 32 நிமிஷம் போதும். ஆயினும் அட்டவணை ஒன்றேகால் மணியளவு காட்டிற்று. கணக்குப் பிழையன்று. தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைதல், வேகங் குறைந்து மேலேறுதல், இறங்குமுன் முறைக்காகக் காத்தல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இதனோடு, ஒரு மணிக்கு முன்னரே நிலையம் சேர்தலையும், தேவனஹள்ளியினின்று நகருக்குள் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் செல்லுதலையும் கூட்டின், வீட்டு வாயிலினின்று வீட்டு வாயில்வரை நான்கு மணியாகும்.

இவ்வுண்மையை யான் கற்றது வகுப்பிலன்று. ஒருநாள் இரவு எட்டு மணிக்கு, பெங்களூரிலிருந்த எம் பெரியப்பா கவலைக்கிடமாக உள்ளார் என்று செய்தி வந்தது. "விமானத்திற் போகலாம், அப்பா, ஒன்றேகால் மணிதானே!" என்றேன். "அடுத்த விமானம் நாளைப் பகலில்தானே, தம்பி? பறக்கிற நேரத்தை எண்ணாதே, போய்ச் சேருகிற நேரத்தை எண்ணு" என்றார் தந்தையார். அன்றிரவே பேருந்தேறினோம். விடியுமுன் மருத்துவமனையை அடைந்தோம். பெரியப்பா தம்பியை இனங்கண்டு, அவர் கையைப் பற்றிக்கொண்டார். அன்று முற்பகலிலேயே அவர் உயிர் நீங்கிற்று. எம்மூர் விமானம் அப்பொழுது புறப்பட்டிருக்கவில்லை.

ஆதலின், மாணவ நண்பர்களே, பிரயாணக் கணக்கிடுங்கால் தூரத்தை வேகத்தால் வகுப்பதோடு நில்லாது, காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுமின். அவசர வேளையில் விரைந்து செல்லும் வாகனத்தைக் காட்டிலும், முந்திப் புறப்படும் வாகனமே மேலாதலும் உண்டு.