ஓராண்டு வாசிப்பு: உங்களுக்கு எந்தக் கணக்கு?

ஜனவரி பிறந்துவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் கையில் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. இந்த வருஷம் ஐம்பது புத்தகம், எழுபது, நூறு என்று ஆளுக்கொரு எண். பெருநகரப் பிள்ளைகளிடம் இருந்த இந்தப் பழக்கம் இப்போது அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் படிக்க ஆசைப்படுவதில் தமிழாசிரியனான எனக்கு மகிழ்ச்சிதான். இலக்கைத் தேர்ந்தெடுக்கும் விதம்தான் கவலை தருகிறது. பாதிப் பேர் கைபேசியில் பார்த்த காணொளியை நம்பி முடிவெடுக்கிறார்கள். மீதிப் பேருக்கு வீட்டில் அப்பா முடிவெடுத்துவிடுகிறார். பில் கேட்ஸ் ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் படிக்கிறாராம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, ஒன்பதாம் வகுப்பு மகனுக்கு வாரம் ஒரு புத்தகம் என்று விதித்த ஒருவரை எனக்குத் தெரியும். விசைத்தறியில் நாள் முழுக்க நிற்கிற மனிதர். மகனாவது மேலே போகட்டும் என்ற ஆசை. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கோடை விடுமுறை வருவதற்குள் பையனுக்குப் புத்தகம் என்றாலே கசந்துவிட்டது.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று எண்ணலாம். நாளுக்கு இத்தனை பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு இவ்வளவு நேரம் என்று ஒதுக்கலாம். ஓர் எழுத்தாளரையோ ஒரு பொருளையோ பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க அதிலேயே இருக்கலாம். ஒரே ஒரு பெரிய நூலை எடுத்து முடிக்கலாம். இவற்றுள் யாருக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி. முதல் வழியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கூட்டம் அங்கேதான் சேர்கிறது, சேதாரமும் அங்கேதான்.

நூறு புத்தகம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தகத்துக்கு இருநூறு பக்கம் என்றால் ஆண்டுக்கு 20,000 பக்கம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 பக்கம். நிதானமாகப் படிக்கிற மாணவருக்கு அது தினமும் இரண்டு மணி நேர வேலை. காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, ஊர்ப் பொங்கல், வீட்டில் ஒரு கல்யாணம் என்று எது வந்தாலும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. தவறத்தான் செய்யும். தவறியதும் பிள்ளைகள் ஒல்லியான புத்தகங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். அட்டை நீங்கலாக 49 பக்கமாவது இருந்தால் அது புத்தகம் என்று யுனெஸ்கோ 1964-இல் வரையறுத்தது. அந்த 49 பக்கமும் பட்டியலில் ஒன்று. ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற பூமணியின் ‘அஞ்ஞாடி’யும் அதே ஒன்று. எண்ணிக்கைக்கு ஓடுகிற பிள்ளையின் கை எதன்மேல் போகும்? நம் கரிசல் பூமியின் பழைய வாழ்வை அங்குலம் அங்குலமாகச் சொல்லி, 2014-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. எண்ணிக்கை இலக்கு வைத்தவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.

செயலிகள் இந்த ஓட்டத்தை இன்னும் முடுக்கிவிடுகின்றன. குட்ரீட்ஸ் தளம் ஆண்டு வாசிப்புச் சவாலை 2011-இல் தொடங்கியது. 2013-இல் அமேசான் அந்தத் தளத்தை வாங்கியது. எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், நீங்கள் இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்த பிறகு எடுக்கும் புத்தகம் சீக்கிரம் முடிகிற புத்தகமாகத்தான் இருக்கும். சிலர் இருபது நிமிடச் சுருக்கத்தைக் காதில் கேட்டுவிட்டு அதையும் ஒன்று என்று ஏற்றிவிடுகிறார்கள். நம் கிளை நூலகங்களில் இருக்கும் பழைய தமிழ்ப் பதிப்புகள் பலவும் அந்தத் தளங்களில் ஏறியிருக்காது. ஏறாத புத்தகம் எண்ணிக்கையில் வராது என்பதற்காகவே அதை எடுக்காமல் திரும்பிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண் ஒருத்தி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ஸ்கேல் வைத்து மூன்று பத்தி பிரித்திருந்தாள். வரிசை எண், தலைப்பு, ஆசிரியர். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சிவப்பு மையில் ஒரு டிக். நாற்பத்து மூன்று டிக். தேதி இல்லை, ஒரு சொல் குறிப்பும் இல்லை. நாற்பத்தோராவது வரியில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இருந்தது.

“இதுல என்னம்மா இருந்துச்சு?”

“தெலுங்கு பேசுறவங்க ஒரு கூட்டம் ஊரைவிட்டு இந்தப் பக்கம் வந்துருவாங்க சார். காட்டை அழிச்சு ஊர் கட்டுவாங்க.”

“அப்புறம்?”

“ஒரே நாள்ல முடிச்சிட்டேன் சார்.”

அவள் வீட்டிலும் தெலுங்குதான் பேசுகிறார்கள். 1976-இல் வந்த அந்த நாவலில் மங்கத்தாயாரம்மாள் என்ற பூட்டி, தன் மக்கள் எதற்குப் பயந்து புறப்பட்டார்கள், எந்தெந்தக் காட்டையும் ஆற்றையும் கடந்து வந்தார்கள் என்று பேரன் பேத்திகளுக்குச் சொல்கிறாள். அது இந்தப் பெண்ணின் முன்னோர் கதைக்கு மிக அருகில் நிற்கிற கதை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அவ்வாவிடம் போய், நாம் எங்கிருந்து வந்தோம் என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவகாசம் இல்லை. நாற்பத்திரண்டாவது புத்தகம் காத்திருந்தது. அவள் கெட்டிக்காரப் பெண், அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணிக்கை என்ற இலக்கே அப்படித்தான் வேலை செய்யும். அதனால்தான் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் யாரும் அந்த வழிக்குப் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பத்திரிகையில் நூல் மதிப்புரை எழுதுகிறவர், பதிப்பகத்தில் வேலை பார்க்கிறவர் வேண்டுமானால் எண்ணிக்கொள்ளட்டும். அது அவர்கள் தொழில்.

பக்கக் கணக்கு இதைவிடப் பரவாயில்லை. நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் ஆண்டுக்கு 3,650 பக்கம், அது நல்ல வாசிப்புதான். துப்பறியும் கதையின் பத்துப் பக்கமும் புறநானூற்று உரையின் பத்துப் பக்கமும் ஒன்றாகாது என்ற ஒரு குறைதான் அதற்கு. ஒழுங்கு பிடித்துப் படிக்க நினைப்பவர்கள் அதில் தொடங்கலாம்.

நேரக் கணக்குதான் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சரிப்படும். மல்லிகைத் தோட்டம் இருக்கிற வீட்டில் விடியும் முன்னே பூ எடுக்கப் போக வேண்டும். தறி வீட்டில் தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடு மாடு இருக்கிற வீட்டில் பள்ளிவிட்டு வந்ததும் வேலை. இந்த வீட்டுப் பிள்ளைகளிடம் வாரம் ஒரு புத்தகம் என்று சொல்வது அநியாயம். ஆனால் அரை மணி நேரம் எல்லோரிடமும் இருக்கிறது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக் கல்லூரிக்குப் பேருந்தில் வருகிறவருக்கு அந்த நேரம் பயணத்திலேயே கிடைத்துவிடும். அந்த அரை மணியில் மூன்று பக்கம் நகர்ந்தாலும் சரி, முப்பது நகர்ந்தாலும் சரி, அன்றைய கணக்கு முடிந்தது.

என் மனம் சாய்வது நான்காவது வழியில். அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஓர் ஆண்டு, ஓர் எழுத்தாளர். அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னேன். பட்டியலை மூடிவிட்டு ஒரு வருஷம் கி. ராஜநாராயணனோடு இரு என்றேன். ‘கோபல்ல கிராமம்’ மறுபடியும், பிறகு 1991-இல் அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’, பிறகு ‘கரிசல் காட்டுக் கடுதாசி’, சிறுகதைகள். பக்கத்தில் 1982-இல் அவர் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. அதைப் புரட்டினால் தன் அவ்வா வாயில் வருகிற சொல் அச்சில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பொருளைப் பிடித்துப் போக நினைப்பவர்களுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை. கண்மாயைப் பற்றி அறிய வேண்டுமா, சோ. தர்மனின் ‘சூல்’. நாதஸ்வரக் கலைஞர்களின் பாடு தெரிய வேண்டுமா, எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’. அவருடைய மல்லாங்கிணறு நமக்குப் பக்கத்து ஊர். ‘சஞ்சாரம்’ 2018-இலும் ‘சூல்’ 2019-இலும் அடுத்தடுத்து அகாதெமி விருது பெற்றன. மேலாண்மறைநாட்டில் மளிகைக் கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ‘மின்சாரப்பூ’ சிறுகதைத் தொகுப்புக்காக 2007-இல் அதே விருதைப் பெற்றார். இவர்களை ஒவ்வொருவராகப் படித்தாலே கல்லூரி முடிந்துவிடும்.

ஐந்தாவது வழிக்குப் பொறுமை வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954 மே மாதம் வரை வந்தது. மூன்றரை ஆண்டு, வாரா வாரம். அதற்காகக் காத்திருந்து படித்தவர்கள் ஒரே கதையோடு அவ்வளவு காலம் வாழ்ந்தார்கள். திருச்சுழிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்லவே வேண்டாம். 1879-இல் இந்த ஊரில் பிறந்த வேங்கடராமன், மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்து படித்த காலத்தில், அங்கே கிடந்த பெரியபுராணத்தை எடுத்துப் படித்தார். பாடப்புத்தகம் தவிர அவர் படித்த சமய நூல் அது ஒன்றுதான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாயன்மார்களின் வாழ்வு அந்தப் பையனை உலுக்கியது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். ரமண மகரிஷி ஆனார். இன்றைய பட்டியலில் அது ஒரே ஒரு டிக்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஜனவரியில் தொடங்காதீர்கள். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் புது இலக்கு வைப்பது தோற்பதற்கென்றே வைப்பது. ஏப்ரலில் தேர்வு முடிந்த மறுவாரம் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்குங்கள். வருஷத்தைப் பன்னிரண்டு சம கூறாகப் பிரிக்கவும் வேண்டாம். சித்திரை வைகாசி வெக்கையில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, பெரிய நூலுக்கு அதுதான் காலம். புரட்டாசி விதைப்பு, ஐப்பசி மழை என்று வீடு பரபரக்கும்போது சிறுகதைகள் போதும். தேர்வு மாதங்களில் வாசிப்பை நிறுத்தினால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பதிவு செய்வதற்கு ஒரு நோட்டு போதும். தேதி, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, புதிதாகத் தெரிந்த ஒரு சொல், மனதில் நின்ற ஒரு விஷயம். இந்த நான்கும் இருந்தால் ஓர் ஆண்டு கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது நீங்கள் எங்கிருந்து எங்கே வந்தீர்கள் என்று தெரியும். நூலகப் புத்தகம் என்றால் பின்னட்டை உள்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டையும் பாருங்கள். ஊதா மையில் வரிசையாகக் குத்திய முத்திரைகளைப் பார்த்தால், உங்களுக்கு முன் அதை எப்போது யாரோ எடுத்துப் போனார்கள் என்பது தெரியும். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் உங்களுக்கும் அதில் விழும். அதைவிட நல்ல கெடு வேறில்லை.

வாசிப்பில் எல்லோருக்கும் ஒரே பசி இருக்காது. அந்த விசைத்தறிக்காரரின் மகனுக்குப் பறவைகள்மேல் கண். மழை பெய்து கண்மாய் நிறைந்துவிட்டால் கரையிலேயே கிடப்பான். அப்பா கொடுத்த முன்னேற்ற நூல்கள் அவனுக்கு ஒட்டவில்லை. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலைக் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பித் தர மனமில்லாமல் வைத்துக்கொண்டு மறுபடி படித்தான். உழவில் நாட்டமுள்ள பையன் இயற்கை வேளாண்மை பற்றி எழுதிய நம்மாழ்வாரைப் படிக்கட்டும். கோவிலாங்குளம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய், மானாவாரிப் பயிர்களைப் பார்த்துவிட்டு வந்து படித்தால் இன்னும் நல்லது. சமையலோ மோட்டாரோ கணிதமோ, பிள்ளையின் நாட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதல் புத்தகம் இருக்க வேண்டும். நாவல் படிக்காத பிள்ளை மட்டம் என்று நினைக்காதீர்கள். முதல் ஆண்டில் பலன் தெரியவில்லை என்று கைவிடவும் செய்யாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம். கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் அந்தப் பணத்தில் நடக்கின்றன. ஜூன் மாதம் பிள்ளையை அங்கே கூட்டிப்போய் உறுப்பினராக்கிவிடுங்கள். முதல் புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும். இலக்கையும் அவர்கள் கையாலேயே எழுதட்டும். நீங்கள் எண் எதுவும் சொல்லாதீர்கள்.